அம்மாவின் வருத்தமும் ஆளில்லாக் காரும்

வெள்ளிக்கிழமை பின்னேரம். குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். ஹோலில் இருந்து அம்மா கூப்பிட்டார்.

"பிள்ளை, இதை ஒருக்கா வாசி. ரெண்டாம் பந்தியில ஸ்பெல்லிங் பிழை ஒண்டு கிடக்கு."

அம்மா சுன்னாகத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவர். கலியாணக் கார்டு வந்தால்கூட முதலில் சிவப்புப் பேனையைத்தான் தேடுவார். கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், அது அவருடைய பயொப்சி முடிவு. இடது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று எழுதியிருந்தது. டாப்லெட் 'டிங்' என்றிருக்கிறது, அம்மா திறந்து வாசித்திருக்கிறார், அவ்வளவுதான். டொக்டரின் அலுவலகம் பூட்டியாகிவிட்டது. இனித் திங்கட்கிழமைதான் கதைப்பார்.

"நீங்கள் ஏன் திறந்தனீங்கள்?"

"என்ர பேரைப் போட்டுத்தானே அனுப்பியிருக்கிறாங்கள்?"

அரிசோனாவுக்கு வந்து கனகாலம். சாண்ட்லரில் வீடு, பின்வளவில் கறிவேப்பிலை, முருங்கை. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவளுக்கு இதென்ன வெயில் என்று வந்த புதிதில் விட்ட வாயெல்லாம் முதல் ஜூனோடு அடங்கிவிட்டது. மற்றபடி எல்லாம் பழகிவிட்டது என்றுதான் ஆரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இது ஆரோ ஒரு எழுதுவினைஞரின் அவசரக்குடுக்கைத்தனம் என்று முதலில் நினைத்தேன். இல்லை, சட்டமே அப்படித்தான். 2016-இல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய ஒரு மருத்துவச் சட்டம், அதன் கீழ் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி: நோயாளியின் சோதனை முடிவைக் காரணமில்லாமல் மறித்து வைக்கக் கூடாது. கொம்பியூட்டரில் ஏறியதும் அவருக்கும் போய்விட வேண்டும். டொக்டர் பார்த்தாரா, பக்கத்தில் ஆர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை.

எங்கள் ஊரில் இது நடக்குமா? முடிவு முதலில் வீட்டில் கெட்டிக்காரர் என்று பேர் எடுத்தவருக்குப் போகும். பெரும்பாலும் மூத்த மருமகன். அவர் டொக்டரின் அறையை விட்டு வந்து செருப்பு மாட்டுகிற விதத்திலேயே எல்லாருக்கும் விளங்கிவிடும், வருத்தக்காரரைத் தவிர.

2002-இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்த பிறகு அப்பாவை வானில் ஏற்றி, கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தெல்லிப்பழையில் இப்போது இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரி அப்போது இல்லை. 2011-இல் தென்கோடித் தெய்வேந்திரமுனையில் இருந்து வடகோடிப் பருத்தித்துறை வரைக்கும் ஆட்கள் நடந்து சேர்த்த காசில் எழும்பியது அது. மகரகம என்றால் யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் விஷயம் தெரியும். ஆனபடியால் அப்பாவிடம், "கொழும்பில ஒரு பெரிய டொக்டர், ஒருக்காக் காட்டிப்போட்டு வருவம்" என்று சொல்லி வைத்தோம். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு, சுற்றுலாப் போகிற கணக்கில் போனோம். பெரிய சிக்கல் ஆஸ்பத்திரி வாசல் பலகை. அம்மாதான் திட்டம் போட்டார்: வான் திரும்புகிற நேரம் அண்ணா மற்றப் பக்கம் எதையாவது காட்ட வேண்டும். அண்ணாவின் கண்ணில் பட்டது ஒரு மாடு. அப்பாவும் திரும்பிப் பார்த்து, "நல்ல மாடு" என்றார். அவர் சாகும்வரை வீட்டில் ஒருவரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்தத் திட்டம் போட்ட அம்மாதான் இப்போது தன்னுடைய முடிவைத் தானே வாசித்துவிட்டுச் சம்பலுக்கு உப்புக் காணாது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூன்று இரவும் நித்திரை கொள்ளாதது நான்தான்.

திங்கட்கிழமை டொக்டரிடம் கேட்டேவிட்டேன். "அது அவருடைய உடம்பு, அவருடைய முடிவு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தமிழில் விளங்கப்படுத்த ஆள் வேண்டுமா என்றும் கேட்டார். "எனக்கு வேண்டாம். வேணுமெண்டா இவளுக்கு எடுங்கோ" என்று அம்மா இங்கிலீஷிலேயே சொல்ல, டொக்டர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. சொல்லட்டும். ஆனால் சொல்கிறவர் முன்னுக்கு இருந்து சொல்ல வேண்டும், சொன்ன பிறகு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரமாவது இருக்க வேண்டும்.

ஊரில் ஒளிப்பதெல்லாம் அன்பால்தான் என்று வக்காலத்து வாங்கவும் வாய் வரவில்லை. நான் ஏ.எல். படிக்கிற காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா திடீரென்று செத்துப்போனார். காய்ச்சல் என்றார்கள். செத்தவீட்டில் பெண்கள் குசுகுசுத்தது வேறு. இலங்கையில் கருக்கலைப்பு விஷயத்தை இன்றைக்கும் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான் ஆளுகிறது. தாயின் உயிரைக் காக்க மட்டும் கருவைக் கலைக்கலாம். மற்றபடி 303-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை மறியல், அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து. 1995-இல் திருத்த வெளிக்கிட்டுப் பாராளுமன்றத்தில் அந்தப் பகுதியைக் கைவிட்டார்கள். 2017-இல் வன்புணர்வுக்கும் சிசு பிழைக்காது என்ற நிலைக்கும் விலக்குக் கொடுக்க அமைச்சரவை தலையாட்டியது, சட்டமாகவில்லை. இரத்தம் போய்க்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண் இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு டொக்டரிடம் எந்த உண்மையைச் சொல்வாள்?

இங்கேயும் பெருமை பேச ஒன்றும் இல்லை. 2024-இல் எங்கள் வீட்டுக்குத் தேர்தல் விளக்கப் புத்தகம் வந்தது. அம்மாவுக்கு வாக்கு இல்லை, ஆனாலும் வரி விடாமல் வாசித்தார். அரிசோனா ஒரு மாநிலமாகும் முன்பே, 1864-இல் எழுதிய கருக்கலைப்புத் தடை இன்னும் செல்லும் என்று அந்த ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. மே மாதம் அதை நீக்கச் சட்டம் போட்டார்கள். நவம்பரில் 139-ஆம் முன்மொழிவுக்கு மக்கள் வாக்களித்து, உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டார்கள். "1864 ஓ? எங்கட வெள்ளைக்காரன்ர சட்டம் இதைவிட இளசு" என்றார் அம்மா.

இதே மாநிலம் 2015-இல் இன்னொரு கூத்தும் ஆடியது. மாத்திரையால் கருவைக் கலைக்கிற பெண்ணிடம், இடையில் மனம் மாறினால் அதைத் திருப்பவும் முடியலாம் என்று டொக்டர் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம். அறிவியல் ஆதாரம் இல்லை என்று மகப்பேற்று மருத்துவர்கள் கத்தினார்கள். அடுத்த வருடம் நீக்கினார்கள். எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்கிற நாடு இது. நாங்கள் மாட்டைக் காட்டினோம், இவர்கள் டொக்டரைக் கொண்டே காட்டுவித்தார்கள்.

சரி, காருக்கு வருகிறேன். கதிர் சிகிச்சை கிழமைக்கு ஐந்து நாள். எனக்கும் இவருக்கும் வேலை. வேமோ என்கிற ஆளில்லா டாக்ஸி ஓடிப் பழகிய ஊரே எங்களுடையதுதான். 2020 அக்டோபரில் இருந்து சாரதி ஆசனத்தில் ஆளே இல்லாமல் பொதுச்சனத்தை ஏற்றுகிறது. அம்மா முதல் நாள் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறினார். ஸ்டியரிங் தன்பாட்டில் திரும்ப, முன்னுக்கு உள்ள திரையில் ரோட்டில் போகிற காரும் சனமும் கோட்டுப்படமாகத் தெரிய, அடுத்த கிழமையே ஆளுக்கு அது பிடித்துவிட்டது.

"இதுக்கு எல்லாம் தெரியுது. ஆனா வாயைத் திறக்குதில்லை."

அந்த வசதியின் அருமை ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். சுன்னாகத்தில் இருந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஏறிப் பாருங்கள். ஆருக்கு அக்கா வருத்தம், என்ன வருத்தம், எந்த வாட்டு, மகள் வெளிநாட்டிலயோ? நீங்கள் திரும்பி வரமுன் செய்தி மதவடிக்கு வந்துவிடும். "அம்மம்மா, காருக்குள்ள கமெரா இருக்கு" என்று என் மகள் பயமுறுத்தினாள். "கமெரா உன்ர சின்னம்மம்மாவுக்கோ போன் எடுக்கப் போகுது?"

நானும் விடவில்லை. 2023-இல் சான் பிரான்சிஸ்கோவில் குரூஸ் கம்பனியின் ஆளில்லாக் கார், இன்னொரு கார் இடித்துத் தள்ளிய பெண்ணை இழுத்துக்கொண்டு போனது. அந்த இழுத்த கதையை விட்டுவிட்டு அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்ததைக் கம்பனி பிறகு ஒத்துக்கொண்டு, 5 லட்சம் டொலர் தண்டத்துக்கு இணங்கியது. இதைச் சொன்னதும் அம்மா, "அப்ப காரும் எங்கட ஆக்கள்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துக்குப் போன். சின்னம்மாவின் பேத்திக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை பகுதி கொடிகாமம். பரம்பரை வருத்தம் என்று ஒரு கதை கிளம்பினால் போதும், எல்லாம் குழம்பும். "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை" என்று எனக்கு உத்தரவு.

"அக்கா, ஏன் இளைச்சுப்போனியள்?"

"சோத்தைக் குறைச்சிட்டன்."

"ஒவ்வொரு நாளும் எங்கயோ வெளிக்கிடுறியளாம்?"

"ஆளில்லாத கார் ஒண்டு வருமடி. ஏறிச் சும்மா ஊர் சுத்துறனான்."

சோறு குறைத்ததைச் சின்னம்மா நம்பினார். ஊர் சுற்றுவதையும் நம்பினார். போனை என்னிடம் குடுக்கச் சொல்லி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஆளில்லாத காராம். பிள்ளை, அக்காவுக்கு மண்டையில ஏதும் பிழையோ? டொக்டரிட்டக் காட்டினியோ? எதெண்டாலும் எனக்கு மட்டும் சொல்லு, அவவுக்குச் சொல்லாதை."