லைசென்ஸ் கார்டைக் கொடுத்தேன், விபத்து என் பெயரில் பதிவானது

போன வருஷம் மே மாசம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் என் டிரைவிங் லைசென்ஸைக் கொடுத்தேன். எனக்கு 22 வயது, அவனுக்குப் பதினேழரை. சேலம் பொன்னம்மாபேட்டையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். என்னை அண்ணா என்று கூப்பிட்டாலும் கூட்டாளி மாதிரி, பரீட்சை பயத்திலிருந்து வீட்டுச் சண்டை வரை எல்லாவற்றையும் என்னிடம்தான் கொட்டுவான். கூடப் படித்தவர்களோடு ஏற்காடு போகிறானாம், மேலே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால்தான் பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் சுற்ற முடியுமாம். "கார்டை மட்டும் குடுங்கண்ணா, சாயங்காலம் கொண்டாந்துடறேன்" என்றான். பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் அப்பா லாரி டிரைவர், இவனும் நன்றாக ஓட்டுவான் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் 5 மணிக்கு ஏற்காடு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. என் முழுப் பெயரைச் சொல்லி, "வண்டியில ஒரு அம்மாவை இடிச்சிருக்கீங்க, ஆஸ்பத்திரியில இருந்து எங்க போனீங்க?" என்று கேட்டார்கள். நான் வீட்டில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன்.

பஸ் பிடித்து மேலே போனேன். அந்த 20 கொண்டை ஊசி வளைவும் அன்றைக்கு முடியவே இல்லை. ஸ்டேஷனில் வாடகை வண்டிக்காரரின் நோட்டு மேசை மேல் இருந்தது. என் பெயர், என் லைசென்ஸ் நம்பர், என் போன் நம்பர், கீழே கையெழுத்து. என் பெயரில் ஒரு 'ழ' வரும், அவன் சின்ன வயதிலிருந்தே அதை 'ள' என்றுதான் எழுதுவான். நோட்டிலும் 'ள'தான். அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏனென்றால் அந்த ஒரு எழுத்தைத் தவிர அந்தப் பக்கத்தில் இருந்தது எல்லாமே நான்தான். ஆஸ்பத்திரியிலும் பயத்தில் அதே பெயரைச் சொல்லியிருக்கிறான், ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், வண்டி ஓட்டியவர் வயது 22 என்று எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். கோயில் ரோட்டில் இரண்டு பக்கமும் காபித் தோட்டம், ஒரு திருப்பத்தில் மண் சரிந்து கிடந்திருக்கிறது. வண்டி வழுக்கி, வேலை முடிந்து தூக்குப்போசியோடு ஓரமாக நடந்து வந்த எஸ்டேட் அக்கா மேல் மோதிவிட்டது. அவருக்கு இடது கால் எலும்பு முறிவு. 108-ல் ஏற்காடு ஆஸ்பத்திரி, அங்கிருந்து சேலம் பெரியாஸ்பத்திரி. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். ஆஸ்பத்திரி வாசலில் பயந்து போய் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான், நான் மேலே ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் கீழே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஸ்டேஷனில் "நான் ஓட்டலைங்க" என்று மட்டும் சொன்னேன், யார் என்று சொல்ல வாய் வரவில்லை. காலையில் வந்து எழுதிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். கார்டு அங்கேயே இருந்துவிட்டது.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்தோம். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி மாட்டுகிற எல்லாருக்கும் அந்த ராத்திரி வரும் என்று நினைக்கிறேன். சொந்தக்காரர் ஒருவர் சொன்னார்: "தம்பி, நீயே ஓட்டுனேன்னு சொல்லிடு. உனக்கு லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் காசு அந்தம்மாவுக்குக் கிடைச்சுடும், பையன் வாழ்க்கையும் தப்பிச்சுடும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, விடிந்ததும் அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் படுத்தேன்.

என் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. காலை 7 மணிக்கே தெரிந்த வக்கீல் அம்மா ஒருவரிடம் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அடிபட்டவங்க ஓட்டினவன் முகத்தைப் பார்த்தாங்களா?" பார்த்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தது அவன்தான். "மீசை முளைக்காத பையன்" என்று அந்த அக்கா வாக்குமூலத்தில் சொல்லியிருந்தது பிறகுதான் எனக்குத் தெரியும். எனக்கு அப்போது முகம் நிறைய தாடி.

வக்கீல் பொறுமையாகச் சொன்னார். லைசென்ஸ் வைத்திருப்பவர் அதை இன்னொருவர் உபயோகிக்க விடக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 6-வது பிரிவிலேயே இருக்கிறதாம். ஆள்மாறாட்ட மோசடி என்று பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புது தண்டனைச் சட்டம்) 319-வது பிரிவும் சேரலாம், அதற்கு 5 வருஷம் வரை தண்டனை. இப்போது பொய் வாக்குமூலமும் கொடுத்து அதை வைத்து இன்சூரன்ஸும் கேட்டால் அது தனிக் குற்றம். நான் கேட்டேன், உண்மையைச் சொன்னால் அந்த அக்காவுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காதே என்று. அப்படி இல்லையாம். ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும், அடிபட்டவருக்கு முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவு போடுவது உண்டு. 2004-ல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் சொன்னது அதற்குப் பிடிமானம். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முதல் நாள் ராத்திரி எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

போய் உள்ளதை எழுதிக் கொடுத்தேன். அவனும் அப்பாவோடு வந்து அவனாகவே சொன்னான். வண்டிக்காரர் என் மேல் கத்தினார், அவர் கோபம் நியாயம். சிறுவன் ஓட்டினால் உரிமையாளருக்கு 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் வண்டிப் பதிவு ரத்து. தனக்குத் தெரியாது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது. ஆனால் கார்டை வாங்கியவர் போட்டோவையும் எதிரில் நின்றவன் முகத்தையும் ஒரு தடவை பார்த்திருக்கலாம், இதை இப்போதும் சொல்வேன்.

மற்றதெல்லாம் அலைச்சல். ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ், நேரில் போய் நின்றேன், 6 மாதம் லைசென்ஸை முடக்கினார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பம் போலீஸ் விசாரணையில் நின்றுவிட்டது, வழக்கு நிலுவையில் இருந்தால் கோர்ட் அனுமதி வாங்கி வர வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் பேசி வைத்தது கைவிட்டுப் போனது. அவன் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தில். எங்களை எல்லாம் விட அவனுக்குத்தான் பெரிய அடி, 25 வயது வரை அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. 20 வயதானதும் ஹெவி லைசென்ஸ் எடுத்து அப்பாவோடு லாரியில் போக வேண்டும் என்பதைத் தவிர அவன் வேறு எதையும் ஆசைப்பட்டதில்லை.

அந்த அக்காவுக்குக் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். நாலு மாதம் தோட்ட வேலைக்குப் போக முடியவில்லை, கூலி இல்லை. 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று எங்கள் வக்கீல் சொல்லி, அவருக்கு வேறொரு வக்கீலை நாங்களே பார்த்துக் கொடுத்தோம். வழக்கு இன்னும் நடக்கிறது. மாதம் ஒரு தடவை அவனும் நானும் அரிசி, பருப்பு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மேலே போவோம். முதல் தடவை கதவருகிலேயே நின்றான், "உள்ள வா கண்ணு" என்று அவர்தான் கூப்பிட்டார்.

தடை முடிந்து கார்டு கைக்கு வந்த வாரமும் போனோம். கொடுங்க பார்க்கலாம் என்று வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து என் போட்டோவைப் பார்த்தார். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தார். "துளிகூட ஜாடை இல்லையே சாமி" என்றார்.