விளக்கெண்ணெய் மணக்கும் விமானங்கள்

முதலில் அந்த டாக்ஸியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. பழைய விமானங்கள் பறக்கும் ஷோ ஒன்றைப் பார்க்க, லண்டனிலிருந்து ரயிலில் பிகிள்ஸ்வேட் என்ற ஊருக்கு வந்து இறங்கினேன். அங்கிருந்து ஓல்டு வார்டன் கிராமத்துக்கு நான்கு மைல் இருக்கும், அவ்வளவுதான். பஸ் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவனுக்கு, நான் இறங்கிய நேரத்துக்கு ஒன்றும் இல்லை. ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒரே டாக்ஸிக்காரர் 25 பவுண்டு என்றார். மீட்டர் போடச் சொன்னேன். "ஷோ நடக்கிற நாளில் இதுதான் ரேட்டு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மைலுக்கு ஆறு பவுண்டுக்கு மேல்! இறக்கிவிடும்போது, "எட்டரைக்கு வந்து நிற்பேன். எட்டரை என்றால் எட்டரை" என்று கண்டிஷன் வேறு. கடைசி ரயிலை நினைத்துத் தலையாட்டினேன்.

நுழைவுச் சீட்டின் விலையை வழக்கம்போல் ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். எவ்வளவு வந்தது என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நான் போனது ஓல்டு வார்டனில் இருக்கும் பழைய விமான அருங்காட்சியகமான ஷட்டில்வொர்த் கலெக்‌ஷனுக்கு. ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்ற பணக்கார வாலிபர் 1930களில் பழைய விமானங்களையும் கார்களையும் வாங்கிச் சேர்த்தார். 1940-ல் விமானப்படையில் இருந்தபோது விபத்தில் இறந்துபோனார். மகன் நினைவாக அவருடைய அம்மா 1944-ல் ஒரு டிரஸ்ட் தொடங்கினார். இங்கே விசேஷம் என்னவென்றால், முடிந்தவரை எல்லாவற்றையும் பறக்கவிடுவார்கள். எனக்குச் சந்தேகமே அங்கேதான். நூறு வருஷத்து மரமும் துணியும் பறக்கிறது என்றால், பாதியாவது புதுசாக இருக்க வேண்டும். பிறகு அதைப் பழைய விமானம் என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சந்தேகம் வரக் காரணம் இரண்டு நாளைக்கு முன் லண்டன் ஹெண்டனில் இருக்கும் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் பார்த்த ஒரு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம். (அங்கே நுழைவு இலவசம். அதனாலேயே எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு தனி மரியாதை.) 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்க நார்வே வரை போய், அடிபட்டு, உறைந்த ஏரி ஒன்றின் மேல் இறங்கியிருக்கிறது. பனி இளகி உள்ளே போய்விட்டது. 1973-ல் வெளியே எடுத்தார்கள். பளபளவென்று பெயிண்ட் அடிக்காமல், நசுங்கிய தகரமும் துருவுமாக, ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். முன்னால் போய் நின்றதும் யாரும் சொல்லாமலே குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது. "இதுதான் நேர்மை, மற்றதெல்லாம் வேஷம்" என்ற முடிவோடுதான் ஓல்டு வார்டனுக்கு ரயில் ஏறினேன்.

விமானங்கள் நிற்கும் ஹேங்கருக்குள் நுழைந்ததும் முதலில் மூக்குதான் வேலை செய்தது. விளக்கெண்ணெய்! சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்களே, அதே வாசனை. முதல் உலகப்போர்க் கால விமானங்கள் பலவற்றில் ரோட்டரி எஞ்சின். எஞ்சின் தண்டு விமானத்தோடு பூட்டியிருக்க, சிலிண்டர்கள் மொத்தமும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோலில் கரையாத எண்ணெய் வேண்டும் என்பதால் விளக்கெண்ணெய். அதுவும் உள்ளே போனால் போனதுதான், புகையோடு வெளியே பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பைலட்டின் முகத்திலும் வாயிலும் படும். அந்த பைலட்டுகளின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவ்ரோ 504 என்ற விமானம் ஒன்றின் அடியில் ஒரு தட்டு வைத்திருந்தார்கள், சொட்டு பிடிக்க. யாரும் பார்க்காத நேரத்தில் விரலில் தொட்டு மோந்து பார்த்தேன்.

ஒருவர் பார்த்துவிட்டார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், அங்கே தன்னார்வலர். திட்டாமல் சிரித்தார். அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்: "ஐயா, இதில் எவ்வளவு ஒரிஜினல்?"

"எந்த வருஷத்து ஒரிஜினல் வேண்டும் உங்களுக்கு?" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னை எஸ்.இ.5ஏ என்ற போர் விமானத்தின் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். எண் எஃப் 904. 1918 நவம்பர் 10, அதாவது போர் முடிவதற்கு முந்தைய நாள், ஒரு ஜெர்மன் ஃபோக்கர் விமானத்தை வீழ்த்தியது இந்த விமானம்தான். போர் முடிந்ததும் இதை வாங்கியவர்கள் வானத்தில் புகையால் விளம்பரம் எழுதப் பயன்படுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு தொழிற்சாலைக் கூரையில் தொங்கிக்கொண்டிருந்ததை 1950களில் கண்டுபிடித்து, 1959-ல் மறுபடி பறக்கவிட்டார்கள், 1918 போர்க்கோலத்தில். அப்படியென்றால் புகை எழுதிய வருஷங்கள்? அவையும் இந்த விமானத்தின் வாழ்க்கைதானே? அதே வேலை செய்த இன்னொரு எஸ்.இ.5ஏ லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் புகைக் குழாயோடு அப்படியே தொங்குகிறது. அதுவும் இலவசம்தான். நான் போன முறை அதற்கு நேர் கீழே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

துணிக்கு வருவோம். இறக்கைமேல் லினன் துணியைப் போர்த்தி, கையால் தைத்து, டோப் என்ற ஒரு திரவத்தைப் பூசுவார்கள். காயக் காயத் துணி முரசுத் தோல் மாதிரி இறுகிவிடும். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் சில வருஷங்களில் நைந்துபோகும். இந்த விமானங்கள் வேலையில் இருந்த காலத்திலேயே துணி மாற்றுவது வழக்கமான பராமரிப்புதான். "துணி புதுசு" என்று நான் குற்றம் கண்டுபிடித்தது, தாத்தாவின் வேட்டி புதுசு, அதனால் தாத்தா டூப்ளிகேட் என்கிற கதை. மரமும் எஞ்சினும் வேறு விஷயம். பறக்கும் விமானம் என்பதால் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிவேட்டில் எழுதியே ஆகவேண்டும், சட்டம் அப்படி. அதனால் ஒன்று புரிந்தது: பறக்கவிடுகிறவர்களிடம் பழைய பொருள் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் கணக்கு சுத்தமாக இருக்கிறது. நம்மூரில் திருப்பணி என்று சொல்லிக் கல்வெட்டின் மேல் மணலைப் பீய்ச்சுகிறவர்கள் எந்தப் பதிவேட்டில் எழுதினார்கள்?

எனக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. எங்கோ கிடைத்த விமானத்துக்கு, பிரபலமான பைலட் ஒருவரின் எண்ணையும் சின்னத்தையும் அடித்து நிறுத்துவது. அவர் அதில் உட்கார்ந்துகூட இருக்கமாட்டார். கூட்டம் அதன் முன்னால் செல்ஃபி எடுக்கும். இங்கே இருக்கும் ஏஆர் 501 என்ற ஸ்பிட்ஃபயர் போர் விமானம், செக் நாட்டு வீரர்களின் 310-ஆம் படைப்பிரிவில் நிஜமாகவே இருந்தது. அந்த அடையாளத்தைத்தான் பூசியிருக்கிறார்கள். அவ்வளவாக யாருக்கும் தெரியாத பெயர், ஆனால் அதன் சொந்தப் பெயர்.

அப்புறம் ஒரு சாப்வித் டிரைபிளேன், மூன்றடுக்கு இறக்கை. தன்னார்வலர்கள் பழைய வரைபடத்தை வைத்து முதலிலிருந்து கட்டி, 1992-ல் பறந்தது. என் கணக்கில் நகல்தான். ஆனால் சாப்வித் விமான நிறுவனத்தை நடத்திய சர் தாமஸ் சாப்வித் (நூறு வயது தாண்டி வாழ்ந்தவர்) கட்டுகிற காலத்திலேயே வேலைப்பாட்டை மெச்சி, "இது நகல் இல்லை, தாமதமாக வந்த உற்பத்தி" என்ற கணக்கில் அடுத்த தொழிற்சாலை எண்ணையே கொடுத்துவிட்டாராம். முதலாளியே சொன்ன பிறகு நான் யார்? பக்கத்திலேயே 1960களில் ஒரு சினிமாவுக்காகக் கட்டிய பாக்ஸ்கைட் என்ற விமானம். உள்ளே அந்தக் கால எஞ்சின் கிடையாது. அது நகல் என்பதை யாரும் மறைக்கவில்லை.

சாப்பாடு பற்றி எழுத ஒன்றுமில்லை. டீ விலையைப் பார்த்துவிட்டு, கையில் கொண்டு போன சப்பாத்தி ரோலைப் புல்லில் உட்கார்ந்து தின்றேன்.

மாலை ஷோ ஆரம்பித்ததும் என் எல்லா வாதமும் காற்றில் போயிற்று. சாப்வித் பப் என்ற சின்ன விமானம் புல்தரையில் இறங்க வந்தபோது கேட்ட சத்தம் சீரான இரைச்சல் இல்லை. டர்ர்... மௌனம்... டர்ர்... மௌனம். இறங்கும் நேரத்தில் வேகத்தைக் குறைக்க, ஒரு பொத்தானை அழுத்தி எஞ்சினின் மின்பொறியை நிறுத்தி நிறுத்தி விடுகிறார் பைலட். ஹெண்டன் ஹாலிஃபாக்ஸ் எவ்வளவு நிஜமோ, அது இனி ஒரு சத்தமும் போடாது. இந்த மௌனத்தையும் சத்தத்தையும் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது? விளக்கெண்ணெய்ப் புகை கூட்டத்தின் மேல் வந்து இறங்கியது. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

1914-க்கு முந்தைய விமானங்களைக் காற்று அடங்கினால்தான் வெளியே எடுப்பார்கள். மணி எட்டாயிற்று, கொடி இன்னும் ஆடிக்கொண்டே இருந்தது. எட்டு இருபதுக்குத் துவண்டு தொங்கியது. ஹேங்கர் பக்கம் பார்த்தால் 1912-ல் கட்டிய பிளாக்பர்ன் மோனோபிளேனைக் கையால் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பறக்கும் நிலையில் இருக்கும் பிரிட்டிஷ் விமானங்களில் இதுதான் மூத்தது. அந்த நொடியில் வாசலிலிருந்து ஹார்ன் சத்தம். எட்டரை என்றால் எட்டரை.

திட்டிக்கொண்டே ஓடிப் போய் ஏறினேன். வேலியைத் தாண்டும்போது எஞ்சின் பிடித்துக்கொண்ட சத்தம். "ஐந்தே நிமிஷம் நிறுத்துங்கள்" என்று கெஞ்சினேன்.

"காத்திருப்புக்குத் தனியாகப் பத்து பவுண்டு."

கொடுத்தேன். புதர் வேலி உயரத்துக்குத் துணி இறக்கை ஒன்று தத்தித் தத்தி எழும்பியது, உள்ளே இருந்தவரின் தோள்கூடத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் டாக்ஸிக்காரரும் இறங்கி, கதவில் சாய்ந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து பவுண்டைத் திருப்பித் தரவில்லை.