தோட்டாவுக்கு நகர வரி: நான் ஏன் எதிர்க்கிறேன்

அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2015 ஆகஸ்டில் ஒரு வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. நகர எல்லைக்குள் விற்கப்படும் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் 25 டாலர், .22 அங்குல விட்டமும் அதற்குச் சிறியதுமான தோட்டா ஒவ்வொன்றுக்கும் 2 சென்ட், மற்றத் தோட்டாக்களுக்கு 5 சென்ட் என்று வகுத்து, 2016 ஜனவரி முதல் வசூலிக்கத் தொடங்கினார்கள். சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அதற்கு முன்பே, 2013இல், துப்பாக்கிக்கு இதே 25 டாலரை விதித்திருந்தது. இந்த வரிகள் நியாயமற்றவை என்பது என் உறுதியான கருத்து. வேதாரண்யம் பக்கத்தில் நிலக்கடலை பயிரிடும் ஒருவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணங்கள் சொல்வேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. என் தங்கை மகன் அந்நாட்டுக் குடிமகனாகி சியாட்டிலிலேயே வீடு வாங்கி வாழ்கிறான். குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் அவனுக்குப் பெரும் ஈடுபாடு.

இந்த வரியின் கணக்கைப் பார்த்தாலே அது யார் தலையில் விழுகிறது என்பது விளங்கும். வாரந்தோறும் பயிற்சிக் கூடத்துக்குச் சென்று 200 தோட்டாக்களைச் சுட்டுப் பழகும் ஒருவர், 5 சென்ட் வீதம், வாரத்துக்கு 10 டாலர் வரி செலுத்த வேண்டும். திருட்டுத் துப்பாக்கியில் ஒரே ஒரு தோட்டாவை இட்டு ஓர் உயிரைப் பறிப்பவன் செலுத்தும் வரி அதிகபட்சம் 5 சென்ட். அந்தத் தோட்டாவும் திருடியதாக இருந்தால் அதுவும் இல்லை. கடைக்குப் போய், அடையாளச் சான்றைக் காட்டி, பின்னணிச் சோதனைக்கு உட்பட்டு, ரசீதும் வாங்கிக்கொள்பவரே இந்த வரியில் சிக்குகிறார். அதிகமாகப் பழகுபவர் அதிகமாகச் செலுத்துகிறார் என்பது எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஆயுதத்தைக் கையாளும் பொறுப்பு பழக்கத்தால்தான் வரும். அந்தப் பழக்கத்துக்கே விலை ஏற்றுவது எந்த வகையில் பாதுகாப்பு ஆகும்?

வரியை ஆதரிப்பவர்களின் வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. துப்பாக்கிக் காயங்களோடு வருபவர்களுக்குச் சிகிச்சை அளிக்கப் பொது மருத்துவமனைகள் பெருந்தொகை செலவிடுகின்றன, அந்தப் பாரத்தில் ஒரு பங்கைத் துப்பாக்கி வணிகம் ஏற்க வேண்டும் என்கிறார்கள். அந்தச் செலவும் அந்தத் துயரமும் உண்மை. ஆனால் காயப்படுத்தியவனுக்கும் கடையில் முறைப்படி வாங்கியவருக்கும் உள்ள தொடர்பு, இருவர் கையிலும் இருந்தது ஒரே வகைப் பொருள் என்பது மட்டுமே. அந்த ஒன்றை வைத்து ஒருவர் குற்றத்துக்கு இன்னொருவரிடம் தண்டம் வாங்குவதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஏற்காது.

நகரம் என்ற சிறிய எல்லைக்குள் இத்தகைய வரியை விதிப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. வாங்குபவர் பக்கத்து ஊருக்குப் போனால் வரி இல்லை. சியாட்டிலில் இருந்த துப்பாக்கிக் கடை ஒன்று வரி வந்ததும் வடக்கே உள்ள லின்வுட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஆண்டுக்கு 3 லட்சம் முதல் 5 லட்சம் டாலர் வரை கிடைக்கும் என்று நகரம் மதிப்பிட்டிருந்தது. முதல் ஆண்டில் கிடைத்தது ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய தொகை. “மாமா, அரை மணி நேரம் கார் ஓட்டினால் வரியே இல்லாத கடை இருக்கிறது, பெட்ரோல் செலவைப் பார்க்காதவர்கள் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்” என்று மருமகன் தொலைபேசியில் சொன்னான். கார் இல்லாதவரும், நேரம் இல்லாதவரும், கையில் காசு குறைந்தவருமே நகரத்துக்குள் வாங்கி வரியைச் சுமக்கிறார்கள்.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை. ஆனால் அதன் மீதான வரி பற்றி நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சியாட்டில் வரி செல்லும் என்று தீர்ப்பளித்தது. இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றமோ 2021 அக்டோபரில் குக் கவுன்டி வரிகளைச் செல்லாதவை என்றது. அடிப்படை உரிமை ஒன்றின் மீது சுமை ஏற்றும் வரியின் வருவாய், எதற்காக வரி விதிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறதோ அதற்கே போய்ச் சேர வேண்டும், இங்கே அப்படி இல்லை என்பதே அதன் சாரம். கவுன்டி சில வாரங்களிலேயே சட்டத்தைத் திருத்தி, வருவாயை வேறு கணக்கில் காட்டி, அதே வரியை மீண்டும் கொண்டுவந்தது. பசிபிக் கடலில் அமெரிக்காவுக்கு உட்பட்ட வடக்கு மரியானா தீவுகளில் கைத்துப்பாக்கிக்கு 1,000 டாலர் வரி விதித்ததை ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் 2016இல் ரத்து செய்தது. 25 டாலர் செல்லும், 1,000 டாலர் செல்லாது என்றால் கோடு எங்கே இருக்கிறது? பத்திரிகைகளின் தாளுக்கும் மைக்கும் மினசோட்டா மாநிலம் விதித்த தனி வரியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983இல் ரத்து செய்தபோது, தொகை சிறிதா பெரிதா என்பதில் அது நிற்கவில்லை. ஓர் உரிமையைத் தனியே பொறுக்கி எடுத்து வரி விதிக்கும் அதிகாரமே ஆபத்தானது என்று கருதியது. துப்பாக்கிக்கும் அந்த அளவுகோலே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எங்கள் மண்ணில் வரி எதிர்ப்பு புதிய செய்தி அன்று. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள், காவிரிக் கரை ஊர்கள் வழியாக நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடுபவர்களைத் தண்டிப்பேன் என்று தஞ்சாவூர் ஆட்சியராக இருந்த தார்ன் எச்சரிக்கை விடுத்த பிறகும், மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள். இந்தக் கதையை இங்கே படிக்காத பிள்ளை இல்லை. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் காந்தியடிகள் ஆங்கில அரசின் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில் உப்பு வரி ஒழிப்பும் இருந்தது. மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் இருந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமத்துக்காகக் கைகட்டி நிற்க வைத்தது அவர்களுக்கு அவ்வளவு உறுத்தியிருக்கிறது. அகிம்சையையே வாழ்வாகக் கொண்டவர் அந்த இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தார் என்பதை, துப்பாக்கி என்றாலே முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே நிலைமை முற்றிலும் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை ஆகாது. அரசு தரும் அனுமதி. கோடியக்கரைக் காட்டிலிருந்து இரவில் வரும் பன்றிகள் கடலைச் செடியை வேரோடு புரட்டிப் போட்டுவிடும்; மறுநாள் காலை வயலில் காலியான தொலிதான் கிடக்கும். அவற்றை நாங்களே சுட்டுக் கொல்லச் சட்டம் இடம் தராது. வெடிச் சத்தம் எழுப்பி விரட்டத்தான் முடியும். அதற்குக்கூட வட்டாட்சியர் விசாரணை, காவல் துறை அறிக்கை, ஆட்சியர் ஆணை எல்லாம் தேவை. அப்பாவின் பழைய உரிமப் புத்தகத்தில் வாங்கிய தோட்டாக்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மையால் எழுதப்பட்டு, மேலே கடைக்காரரின் ஊதா முத்திரை சற்றே சாய்ந்து விழுந்திருக்கும். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வர வேண்டும். இவ்வளவையும் நாங்கள் முணுமுணுக்காமல் செய்கிறோம், ஏனென்றால் இவை ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனிக்கும் விதிகள். விற்பனை வரி அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பணம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது.

துப்பாக்கிக்கு எந்த வரியும் கூடாது என்பது என் வாதம் அன்று. அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, கைத்துப்பாக்கிகளுக்கு 10 விழுக்காடும் நீண்ட துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 விழுக்காடும் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் நிலையிலேயே கூட்டாட்சி அரசு வசூலிக்கிறது. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்கும், வேட்டைக்காரர்களுக்கான பயிற்சிக்கும், சுடுதளங்களுக்கும் போகிறது. நாடு முழுவதற்கும் ஒரே விகிதம். எல்லை தாண்டித் தப்பிக்க வழியில்லை. செலுத்தியவர்களுக்குப் பயன் திரும்பி வருகிறது. அந்நாட்டு வேட்டைக்காரர்கள் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். சியாட்டிலுக்குத் துப்பாக்கிக் காயங்களின் சிகிச்சைக்கும், வன்முறைத் தடுப்பு ஆய்வுக்கும் பணம் வேண்டும் என்றால் நகரத்தின் பொது வருவாயிலிருந்து ஒதுக்கட்டும். என் மருமகனும் அந்த ஊரில் வீட்டு வரி கட்டுகிறான். அவன் பங்கு அதில் தானாகவே சேர்ந்துவிடும்.