எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி

எலியின் அட்ரீனல் சுரப்பியில் வந்த கட்டியிலிருந்து 1976இல் கிரீன், டிஷ்லர் என்ற இருவர் உருவாக்கிய செல் லைன், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கக்கூடிய செல் வரிசை, பி.சி.12. தரமணியில் நான் பி.எச்டி. சேர்ந்த புதிதில் கைடு என்னிடம் கொடுத்தது இந்தச் செல்களைத்தான். அப்புறம் என் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இவற்றோடுதான் போனது.

இந்தச் செல்களுக்கு இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் பெருகும். என்.ஜி.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் பெருகுவதை விட்டுவிட்டு, சில நாட்களில் நீளநீளமாக இழை விட்டு நரம்பு செல் மாதிரியே ஆகிவிடும். ஆனால் இரண்டுமே உள்ளே எழுப்புவது, ஒன்றையடுத்து ஒன்று விழிக்கும் ஒரே புரத வரிசையைத்தான்: ராஸ், ராஃப், மெக், கடைசியில் எர்க். வழி ஒன்று, முடிவு மட்டும் எப்படி இரண்டு? இ.ஜி.எஃப். எழுப்பும் எர்க் சீக்கிரமே அடங்கிவிடும். என்.ஜி.எஃப். அதைப் பல மணி நேரம் விழிக்கவைத்திருக்கும். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே செல்லின் முடிவை மாற்றுகிறது என்று செல் உயிரியலாளர் கிறிஸ் மார்ஷல் 1995இல் எழுதினார். ஒருவர் காலிங் பெல்லை ஒருமுறை அழுத்திவிட்டு நிற்பதற்கும், விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பதற்கும் நாம் ஒரே மாதிரியா கதவைத் திறப்போம்?

அதனால் எங்கள் வேலை எல்லாமே கடிகாரத்தோடுதான். எர்க் விழித்திருந்தால் அதன்மேல் பாஸ்பேட் ஏறியிருக்கும். பாஸ்பேட்டை ஏற்றியும் இறக்கியும் புரதங்களை செல் இயக்குகிறது என்று காட்டியதற்காக கிரெப்ஸ், பிஷர் இருவருக்கும் 1992இல் நோபல் கிடைத்தது. ஏற்றுவது கைனேஸ், இறக்குவது பாஸ்படேஸ். தொல்லை என்னவென்றால், செல்லை நாம் உடைத்த பிறகும் பாஸ்படேஸ் தன் வேலையை நிறுத்தாது. சும்மா விட்டால் நாம் தேடிவந்த பாஸ்பேட்டையே கழற்றிவிடும். ஆகவே வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து ஐந்து நிமிடம் ஆன செல்களைப் பார்க்க வேண்டுமென்றால், அவை இருக்கும் தட்டை ஐந்தாம் நிமிடத்திலேயே ஐஸில் வைக்க வேண்டும், பாஸ்படேஸைத் தடுக்கும் மருந்தும் அதிலேயே இருக்க வேண்டும். சென்னையின் மே மாதத்தில் இதைச் செய்து பார்த்தால்தான் அருமை தெரியும். ஐஸ் மெஷினை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்குப் பரிசோதனை உண்டா இல்லையா என்று முடிவெடுப்போம்.

மறுநாள் வெஸ்டர்ன் பிளாட்: செல்லின் புரதங்களைப் பிரித்து, மெம்பரேன் என்ற மெல்லிய தாளில் ஏற்றி, நமக்கு வேண்டியதை மட்டும் அதில் ஒட்டும் ஆன்டிபாடியால் தேடுவது. புதிதாக வந்த பிள்ளைகள், "அக்கா, மெம்பரேன் முழுக்க கறுப்பா வருது" என்று வந்து நிற்பார்கள். எதில் ஊறவைத்தாய் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பால் பவுடராக இருக்கும். பாலில் இருக்கும் கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம், பாஸ்பேட்டைத் தேடும் ஆன்டிபாடி அதிலும் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் இந்த வகை ஆன்டிபாடிகள் பலவற்றுக்கு மாட்டு ரத்தத்தில் இருக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம்தான் நல்லது. விலை அதிகம்தான், ஆனால் வீணாகும் ஆன்டிபாடியின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. அந்த ஆன்டிபாடிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. பட்ஜெட்டில் பாதியை அவையே தின்றுவிடும்.

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்தபோது ஊர் முழுக்க கரண்ட் போனது. மைனஸ் 80 ஃப்ரீசர் கதவை யாரும் திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினோம். அந்த வாரம் வேறு எந்த விஞ்ஞானமும் நடக்கவில்லை.

இப்போதெல்லாம் மூளை ஆராய்ச்சி என்றாலே மூளையின் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. இங்கே பக்கத்திலேயே ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருந்த சிசுக்களின் மூளைகளை 5,132 வெட்டுகளாக, செல் அளவுக்குப் படமெடுத்து 2024இல் வெளியிட்டது. பெரிய வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் எந்தச் செல் எங்கே இருக்கிறது என்று காட்டும் படம், அந்தச் செல் அடுத்த நிமிடம் என்ன செய்யப்போகிறது என்று சொல்லாது. நினைவு என்பதே ஒரு வகையில் காலக் கணக்குதான். கேம்கே-2 என்ற நொதியைக் கால்சியம் எழுப்புகிறது. எழுந்ததும் அது தன் அமினோ அமிலச் சங்கிலியின் 286ஆம் இடத்தில் தானே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது. அதனால் கால்சியம் போன பிறகும் ஓரளவு விழித்தே இருக்கிறது. நொடியில் முடியும் நிகழ்ச்சி எப்படி அதைவிட நெடுநேரம் நிற்கும் தடமாகிறது என்பதற்கு இது நல்ல தொடக்கம். தொடக்கம் மட்டுமே, முழு விடை அல்ல.

நான் நம்பிய கணக்கிலேயே ஒரு ஓட்டையும் உண்டு. பிளாட்டில் தெரியும் ஒரு கோடு, லட்சக்கணக்கான செல்களின் சராசரி. ஒளிரும் சென்சாரைச் செல்லுக்குள் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, சில வகைச் செல்களில் எர்க் விட்டுவிட்டு, துடிப்பாக எழுந்து அடங்குவது தெரிந்தது. ஒன்று எழும் நேரத்தில் பக்கத்துச் செல் தூங்கிக்கொண்டிருக்கும். சராசரி எடுத்தால் எல்லாமே சீராக இருப்பது மாதிரி தோன்றும். அப்படியானால் எங்கள் பி.சி.12இல் மணிக்கணக்கில் நீண்ட அந்தக் கோட்டுக்குள்ளும் என்னென்ன துடிப்புகள் இருந்தனவோ? இப்போது ஒரு ஸ்காலர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மைக்ரோஸ்கோப் எல்லோருக்கும் பொதுவானது, பகலில் ஸ்லாட் கிடைப்பது கஷ்டம். ராத்திரிக்குப் புக் செய்து கொடுத்திருக்கிறேன்.