உரிமம் கிடைத்தபின் பெற்றோரை ஏற்றிப் பறந்த அனுபவம்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரிலுள்ள ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் பயிற்சி பெற்றுத் தனியார் விமானி உரிமம் வாங்கிய சில வாரங்களில், ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் எங்களுடன் தங்க வந்தார்கள். வந்த மறுநாளே, "எங்களை எப்போது கூட்டிக்கொண்டு போகப் போகிறாய்?" என்று அப்பா கேட்டுவிட்டார். அமெரிக்க விதிப்படி, உரிமம் பெற்றவர் முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறை மேலெழும்பி மூன்று முறை தரையிறங்கியிருந்தால் பகலில் பயணிகளை ஏற்றிக்கொள்ளலாம். விதி கேட்பது அவ்வளவுதான். ஆனால் பயிற்சிக் காலம் முழுவதும் என் அருகில் பயிற்றுநர் மட்டுமே அமர்ந்திருந்தார். பின் இருக்கையில் ஆள் இருக்கும் விமானத்தை நான் ஓட்டியதே இல்லை. ஆகவே, உடனே கிளம்பாமல் சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டேன்.

முதலில் எடைக் கணக்கு. நான் வாடகைக்கு எடுக்கும் செஸ்னா 172எஸ் விமானத்தில் நான்கு இருக்கைகள் உண்டு என்றாலும், வளர்ந்த நால்வரையும் முழுத் தொட்டி எரிபொருளையும் அது ஒருசேரச் சுமக்காது. மேலெழும்பும்போது அதன் மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக் கூடாது. வெற்று விமானம் ஏறத்தாழ 760 கிலோ. தொட்டிகளை நிரப்பினால் பயன்படுத்தக்கூடிய 53 கேலன் எரிபொருள் மட்டும் 144 கிலோ. எஞ்சும் 253 கிலோவுக்குள் ஆட்களும் பைகளும் அடங்க வேண்டும். அம்மாவிடம் எடை கேட்டபோது, எப்போதோ எடுத்த மருத்துவப் பரிசோதனையில் இருந்த எண்ணைச் சொன்னார். எனவே எடை பார்க்கும் கருவியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, முதலில் நானே ஏறி நின்றுவிட்டு, பிறகு ஒவ்வொருவரையும் செருப்பு, கைப்பையோடு ஏறி நிற்கச் சொன்னேன். அம்மாவின் பையிலிருந்த முறுக்கு டப்பாவும் கணக்கில் சேர்ந்தது. என் மனைவியையும் சேர்த்து நால்வரின் கூட்டுத்தொகை 282 கிலோ. எரிபொருளை 35 கேலனாகக் குறைத்தால் நால்வரும் போகலாம்தான். ஆனால் சுமார் 3,100 அடி நீளமே உள்ள, சுற்றிலும் வீடுகள் நெருங்கி நிற்கும் ஓடுபாதையிலிருந்து வரம்பை ஒட்டிய எடையுடன் முதல் குடும்பப் பயணத்தைத் தொடங்க எனக்கு விருப்பமில்லை. மனைவி ஏற்கெனவே என்னுடன் பறந்திருந்ததால், இம்முறை பெற்றோர் இருவர் மட்டும் என்று முடிவாயிற்று.

மொத்த எடையைப் போலவே, அது எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். முன்னால் இருவர் மட்டும் இருக்கும்போது விமானத்தின் மூக்குப் பகுதி கனக்கும்; தரையிறங்கும் நொடியில் கைப்பிடியை நன்றாக இழுக்க வேண்டியிருக்கும். பின்னால் ஆள் ஏறினால் அதே இழுப்பு அதிகமாகிவிடும், மூக்கு சட்டென்று உயரும். இதைக் கையால் உணர்ந்துகொள்வதற்காகவே, முந்தைய வாரம் பயிற்றுநரை அருகிலும் நண்பர்கள் இருவரைப் பின்னாலும் அமர்த்திச் சில தரையிறக்கங்கள் செய்தேன். புதிதாக உரிமம் பெறுபவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் செலவு இது ஒன்றுதான்.

நாள் குறிப்பதில் வேறு சிக்கல். மான்டெரே வளைகுடாவை ஒட்டிய வாட்சன்வில் வரை போய்வருவது திட்டம். கோடையில் அந்தக் கரையைக் காலை முழுவதும் தாழ்மேகம் மூடியிருக்கும். பிற்பகலிலோ மலைகளின் மேல் காற்று கிளம்பி விமானத்தைக் குலுக்கும். இடையில் கிடைப்பது சில மணி நேரமே. சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம் என்று அம்மா நினைவூட்டினார். மேகம் விலகவும் அந்த நேரம் ஆகுமென்பதால் நானும் மறுப்புச் சொல்லவில்லை. ஒருவேளை மேகம் விலகாவிட்டால், மலைக்கு இப்பால் உள்ள ஹாலிஸ்டருக்குப் போவது என்று மாற்று ஏற்பாட்டையும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இல்லாவிட்டால், ஆசையாகக் கிளம்பியவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வானத்தில் முடிவெடுக்க நேரிடும்.

பயணிகளிடம் சொல்ல வேண்டியவற்றை முந்தைய இரவு சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிட்டேன். இருக்கைப்பட்டி, கதவைத் திறக்கும் விதம், மற்ற விமானங்கள் தென்பட்டால் உடனே காட்டுவது ஆகியவற்றோடு, நான் கைகாட்டும் வரை மேலெழும்பும்போதும் இறங்கும்போதும் பேசக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அப்பா முன்னால் அமர்வதால், அவர் கால்கள் மிதிகளில் படாதபடி இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, அது தண்டவாளத்தில் பூட்டிக்கொண்டதா என்று நானே அசைத்துப் பார்த்தேன். ஆனால் மிகவும் பயன்பட்டது ஒலிகளைப் பற்றிய விளக்கம். இறங்குவதற்காக விசையைக் குறைக்கும்போது எஞ்சின் இரைச்சல் தணியும். முதல் முறை கேட்பவர் எஞ்சின் நின்றுவிட்டதாகவே நினைப்பார். சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் இறக்கையிலிருந்து, நாதஸ்வரக்காரர் சீவாளியை மட்டும் ஊதிப் பார்ப்பது போன்ற ஓர் ஒலி எழும். வேகம் குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை அது. அந்த நேரத்தில் அது கேட்பதே முறை.

அன்று அம்மா சேலையை விட்டுவிட்டுச் சுடிதாரில் வந்தது நல்லதாயிற்று. இறக்கையைத் தாங்கும் கம்பிக்கும் கதவுக்கும் இடையே காலை வைத்து ஏறிப் பின் இருக்கைக்குள் நுழைவது எளிதல்ல. கொண்டையின் மேல் ஹெட்செட் நிற்காமல் வழுக்கியதால், கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டார். மேலெழும்பித் தெற்கே திரும்பி, ஆண்டர்சன் நீர்த்தேக்கத்தை இடப்புறம் பார்த்தபடி போனோம். அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் குமட்டியது. காற்றுத் துளையை முகத்தின் பக்கம் திருப்பிவிட்டுத் தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னதும் தணிந்தது.

வாட்சன்வில்லில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. அங்கே வருகிற விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைப் பொது அலைவரிசையில் தாங்களே அறிவித்து, ஒருவருக்கொருவர் வழிவிட்டு இறங்குவார்கள். எல்லோர் குரலையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "அனுமதி கொடுக்க ஆளே இல்லையா?" என்று தரையிறங்கிய பிறகுதான் கேட்டார், பேசாதிருக்கச் சொன்னதை அவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றியிருந்தார். சீவாளி ஒலி கேட்டபோது பின்னாலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

திரும்பி வந்ததும் அப்பா வாடகை முழுவதையும் தானே தருவதாகச் சொன்னார். தனியார் விமானி, வாடகை, எரிபொருள் போன்றவற்றில் தன் பங்கையேனும் தானே செலுத்தியாக வேண்டும் என்பது விதி. முழுத் தொகையையும் பயணியிடம் வாங்க முடியாது. மூவர் பறந்ததால் இரண்டு பங்கு தரலாமே என்று அவர் உடனே கணக்குப் போட்டார். ஒரு பங்கில் சமாதானமானோம். அடுத்த வாரம் அதே பாதையில் மனைவியும் அப்பாவும் வருகிறார்கள். அம்மா ஹாலிஸ்டர் பக்கம் என்றால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.