நூல் பிடித்து அளந்த தூரம்: சிங்கப்பூர் – நியூயார்க்

நியூயார்க்கில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, அலமாரியில் தூசி படிந்து கிடந்த உலக உருண்டையைத் துடைத்தெடுத்து, சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஒரு தையல் நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். பசிபிக் பெருங்கடலின் குறுக்கே கிடக்கும் என்று நான் எண்ணியிருந்த நூல், சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேரே மேலேறி, உருண்டையின் உச்சித் திருகாணியை உரசிக்கொண்டு, மறுபக்கம் கனடாவின் மேல் இறங்கியது.

சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 104 பாகை கிழக்கிலும் கென்னடி விமான நிலையம் 74 பாகை மேற்கிலும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 178 பாகை, அதாவது கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகைகள். அதனால்தான் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. அதன் நீளம் சுமார் 15,350 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது.

பயணச்சீட்டிலோ பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல் போட்டிருந்தது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறி இறங்குவதும் அதில் ஒரு பங்குதான். பெரிய பங்கு, விமானம் அந்த நூலின் மேல் பறப்பதே இல்லை என்பது. போகும்போது அது பெரும்பாலும் ஜப்பான் பக்கமாகத் திரும்பி பசிபிக்கைக் கடக்கிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று அங்கே பின்னாலிருந்து தள்ளுவதால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றினாலும் அந்தச் சுற்று கட்டுபடியாகிறது. நள்ளிரவு தாண்டி வெகுநேரம் கழித்து என் முன்னிருந்த திரையில் தரைவேகம் 1,100-ஐத் தாண்டியதைப் பார்த்தேன். இயந்திரத்தின் இரைச்சலில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை, ஏனெனில் கூடிய வேகம் காற்றினுடையது.

இவ்வளவு தூரத்தை நிற்காமல் கடப்பதில் எரிபொருள்தான் தலைவலி, ஏனெனில் கடைசி மணி நேரங்களுக்கான எண்ணெயையும் முதல் மணியிலிருந்தே சுமந்தாக வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தை நியூயார்க்கை ஒட்டிய நூவர்க்குக்கு நிற்காமல் அனுப்பி, 2013-இல் அச்சேவையை நிறுத்தியது. இரண்டே இயந்திரங்களும் 165,000 லிட்டர் கொள்ளளவும் கொண்ட ஏ350-இன் நெடுந்தூர வகை வந்த பிறகு, 2018-இல் அது மீண்டும் தொடங்கியது. எடையைக் குறைக்க, அதில் சாதாரண வகுப்பு இருக்கைகளே வைக்கப்படவில்லை. என்னைப் போன்றவர்கள் இரண்டு வருடம் சேர்த்து வைத்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

நான் போனது அக்டோபர் மாதம். அமெரிக்காவில் கோடை நேரம் நடப்பில் இருக்கும்வரை இரு ஊர்களுக்கும் இடைவெளி சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். இறங்கியபோது என் கைக்கடிகாரம் ஆறரை காட்டியது. சிங்கப்பூரில் மாலை ஆறரை, வெளியே காலை ஆறரை. முள்ளைத் தொடாமலே மகளுக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.