மறுகா

மே 19
கோல் சென்டர் வேலைக்கு நிரந்தரக் கடிதம் இன்னும் வரவில்லை. ஆறு மாதத் தகுதிகாண் காலம் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

மே 20
தலைமை அலுவலகத்திலிருந்து சுவரொட்டி வந்திருக்கிறது. 'உங்கள் உண்மையான சுயத்தை வேலைக்குக் கொண்டு வாருங்கள்.' தண்ணீர் பில்டருக்கு மேலே ஒட்டியாகிவிட்டது. எதில் கொண்டு வருவது, சாப்பாட்டுப் பையிலா? அதில் ஏற்கெனவே கூனி இறால் சுண்டல். மேசையில் திறக்கவில்லை. பின்படிக்கட்டில் இருந்து சாப்பிட்டேன்.

மே 21
மேற்பார்வையாளர் என் அழைப்பொன்றின் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"மறுகா எடுங்க என்றீங்களே, அதென்ன மறுகா?"

"பிறகு, சேர்."

"அப்ப பிறகு என்றே சொல்லுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கொழும்பிலிருந்து எடுக்கிறவருக்கு மறுகா விளங்காது. ஆனால் எடுத்தவர் எங்கள் மட்டக்களப்பு வெல்லாவெளிக்காரர். அதைச் சொல்லியிருக்கலாம். பஸ் மண்முனைப் பாலம் தாண்டும் வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி.

பக்கத்து மேசை யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'வந்திருக்கினம்' என்றால் அது தமிழ். நான் மறுகா என்றால் ஊர்ப்பேச்சு. அவளில் கோபமில்லை, பாவம், அவள் என்ன செய்வாள்.

நேர்முகத்தில் ஊர் கேட்டபோது டவுனை ஒட்டிய கல்லடி என்றேன். பெரியம்மா வீடு அங்கேதான், முழுப்பொய் இல்லை. 2014இல் பாலம் திறக்கும் வரை பாதை என்கிற மிதவைப் படகில் ஆற்றைக் கடந்த, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பிள்ளை நான். ஏன் கல்லடி என்றேன்?

மே 26
பிறகு. பிறகு. பிறகு. வாய் வலிக்கிறது.

மே 28
மாமா சொன்னார்: கமில் சுவெலபில் என்ற செக் நாட்டு அறிஞர் 1966இலேயே எழுதியிருக்கிறாராம், பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்குக் கிட்ட நிற்பது மட்டக்களப்புத் தமிழ்தான் என்று. அதை அச்செடுத்து அந்தச் சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் என்ன என்று இரவு பதினொரு மணி வரை யோசித்தேன். ஒட்டமாட்டேன், எனக்கே தெரியும். வெள்ளைக்காரன் சொன்னதைக் காட்டித்தான் வாய் திறக்க வேணுமென்றால் அது என்ன வாய்.

ஜூன் 3
காலையில் ஒரு அம்மா, வாகரைப் பக்கம். போட்ட ரீலோட் காசு வெட்டுப்பட்டுப் போச்சாம்.

"தயவுசெய்து இணைப்பில் இருங்கள், பரிசோதித்துவிட்டுப் பிறகு அறியத்தருகிறேன்."

"யாருகா கதைக்கிற? ரேடியோவா?"

வாய் தன்பாட்டில் திறந்தது. "இல்லம்மா, நான்தான். வெச்சிராதீங்க, பாத்திட்டு மறுகா சொல்றன்." அவர் சிரித்தார். நாலு நிமிடத்தில் வேலை முடிந்தது. வைக்கப்போகும்போது "எந்த ஊருகா மகள்?" என்றார். கொக்கட்டிச்சோலை என்றேன்.

எல்லாம் பதிவில் இருக்கிறது.

ஜூன் 4
கடிதம் இல்லை.

ஜூன் 6
ஊரில் கண்ணகை அம்மன் சடங்கு. அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திக்கு அரைநாள் லீவு வேணும். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த விடயம்' என்று எழுதினேன். வெட்டினேன். 'குளிர்த்தி' என்று எழுதினேன். அதென்ன என்று கேட்பார். கேட்கட்டும். படிவம் இன்னும் பையில்தான் கிடக்கிறது.

ஜூன் 9
மேற்பார்வையாளர் வெள்ளனவே மேசைக்கு வந்தார். "அந்த வாகரை அம்மாவின் அழைப்பைக் கேட்டேன். ரெண்டரைக்கு வாங்க, கதைப்போம்." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது ஒன்று நாற்பது. இன்றைக்கும் கூனி. மேசையிலேயே திறந்துவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, "எனக்கும் கொஞ்சம் வையுமன்" என்கிறாள்.